இரண்டு பைகளில் மருந்து... இரண்டு டாக்டருக்கும் தெரியாது! கருப்பைக் கட்டிக்கு மூலிகையும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட பகுதியில், தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் 7-ம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த குகைக்கோயில், மலையில் சமணச் சிற்பங்கள் என்று வரலாற்று ஆர்வலர்கள் தேடிவரும் ஊர். ஆனால், இதுபோன்ற கிராமத்தில் இருக்கும் ஒரு பெண், வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி வந்தவாசிக்கோ செஞ்சிக்கோதான் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் வேலை போகும், கூலி போகும். அதனால், மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலும் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவதே வழக்கமாகிவிடுகிறது.

ஒருவழியாக ஸ்கேன் எடுத்து, 'கர்ப்பப்பையில கட்டி இருக்கு' என்று சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். 'டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடு' என்பது ஒன்று. 'எங்க ஓரகத்திக்கு நாட்டு மருந்துலயே கரைஞ்சிடுச்சு' என்பது இன்னொன்று. இரண்டையும் தட்ட முடியாமல், ஒரு பையில் மாத்திரை அட்டை, இன்னொரு பையில் சூரணப் பொட்டலம் என்று இரண்டையும் சாப்பிடுகிற பெண்கள் ஏராளம். மாத்திரை எழுதிய டாக்டரிடம் சூரணம் பற்றிச் சொல்வதில்லை, திட்டுவாரோ என்ற பயம். சூரணம் கொடுத்தவரிடம் மாத்திரை பற்றிச் சொல்வதில்லை, 'அப்புறம் எதுக்கு இங்க வந்தே?' என்று கேட்டுவிடுவாரோ என்ற தயக்கம்.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது பலன் தருமா, ஆபத்தா? இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அதிகமாக விடை தேடிய நாடு சீனா. அங்கே கிடைத்த பதில், நம் ஊர்ப் பெண்களுக்கும் பயன்படும்.

கட்டி என்றதும் பயம் வேண்டாம்!

கருப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசை செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறி வளர்ந்து உருண்டையாகத் திரள்வதுதான் ஃபைப்ராய்டு. தமிழில் நார்த்திசுக் கட்டி என்கிறார்கள். 50 வயதுக்குள் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது சிறிதாகவோ பெரிதாகவோ வந்துவிடுகிறது. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது; வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியவரும். இது புற்றுநோய்க் கட்டி அல்ல. ஃபைப்ராய்டு என்று நினைத்த கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. அதனால்தான் மாதவிடாய் நின்றபின் பெரும்பாலான கட்டிகள் தானாகவே சுருங்கிவிடுகின்றன.

'எத்தனை சென்டிமீட்டர்?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதைவிட முக்கியம், கட்டி எங்கே இருக்கிறது என்பது. கருப்பையின் உள்அறைப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி, சிறிதாக இருந்தாலும் ரத்தப்போக்கை அதிகமாக்கும், கருத்தரிப்பதையும் பாதிக்கலாம். வெளிப்பக்கம் வளர்வது, பெரிதாக இருந்தும் சத்தம் போடாமல் இருக்கலாம். அல்லது சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி சிறுநீர் கழிக்கவைக்கும், குடலை அழுத்தி மலச்சிக்கலைத் தரும், இடுப்புவலியாகவும் வெளிப்படலாம்.

உண்மையான எதிரி, ரத்தசோகை

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள உடம்பிலிருந்து மாதாமாதம் அதிகமாக வெளியேறினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்க வேண்டிய பெண்ணுக்கு 9, 8, 7 என்று இறங்கிக்கொண்டே போகும். 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, களை எடுக்கக் குனிந்தால் கண் இருட்டுவது என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கும். 'வயசாகுது, அலுப்பு' என்று நாம்தான் கேட்காமல் இருந்துவிடுகிறோம்.

எந்த வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டி குறைந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் ரத்தத்தின் அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆங்கில மருத்துவத்தில் என்ன இருக்கிறது?

தொந்தரவு இல்லாத கட்டிக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை; குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, வலிக்கு மெஃபனாமிக் ஆசிட், ரத்தசோகைக்கு இரும்புச் சத்து என்று ஆரம்பிப்பார்கள். பொருத்தமானவர்களுக்குக் கருப்பைக்குள் ஹார்மோன் காயில் வைப்பதும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்பு கட்டியைச் சுருக்க, ஹார்மோனை அடக்கும் ஊசிகளைச் சில மாதங்களுக்குக் கொடுப்பார்கள்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்குக் கட்டியை மட்டும் அகற்றும் சிகிச்சை இருக்கிறது. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் முறை, ஒலி அலைகளை ஒரே இடத்தில் குவித்துக் கட்டியைச் சுட்டுவிடும் முறை ஆகியவையும் வந்துவிட்டன. கர்ப்பப்பையை எடுப்பது கடைசிப் படிதான். முதல் படி அல்ல. தேவையில்லாமல் கர்ப்பப்பையை அகற்றுவது நாட்டின் பல பகுதிகளில் பெரிய பிரச்னையாகி, அதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களோ என்ற அந்தப் பயமும் பலரை மூலிகை பக்கம் தள்ளுகிறது. அது நியாயமான பயம்தான். ஆனால், பயத்தில் ஒளிந்து ஒளிந்து மருந்து சாப்பிடுவது அதற்குத் தீர்வு அல்ல.

சீனா என்ன செய்தது?

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவரின் நூலில் ஒரு மருந்து இருக்கிறது. பெயர் குய்ஜி ஃபூலிங். பட்டை மரத்தின் இளங்குச்சி, பைன் மர வேரில் வளரும் ஒரு பூஞ்சை, பீச் பழக் கொட்டையின் பருப்பு, பியோனி என்ற பூச்செடி இனத்தின் வேர், அதே இனத்தில் இன்னொரு செடியின் வேர்ப்பட்டை என்று ஐந்தே சரக்குகள். 'தேங்கிய ரத்தத்தை ஓடவைத்து வயிற்றுக்கட்டியைக் குறைக்கும்' என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. ஜப்பானில் இதே மருந்து வேறு பெயரில், அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள்ளேயே வருகிறது. அங்கே நவீன மருத்துவம் படித்த டாக்டர்களே அதை எழுதித் தருகிறார்கள்.

சீன மருத்துவமனைகளில் இந்த மூலிகை மருந்தை, மிஃபெப்ரிஸ்டோன் என்ற ஆங்கில மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கருக்கலைப்புக்குப் பயன்படும் இந்த மாத்திரை, குறைந்த அளவில் கொடுத்தால் புரோஜெஸ்டிரோனைத் தடுத்து ஃபைப்ராய்டைச் சுருக்கும்.

மருத்துவ ஆய்வுகளைச் சல்லடை போட்டுச் சலிக்கும் சர்வதேச அமைப்பான காக்ரேன், ஃபைப்ராய்டுக்கான மூலிகை ஆய்வுகளை 2013-ல் மொத்தமாக அலசியது. 21 ஆய்வுகள், 2,222 பெண்கள். மிஃபெப்ரிஸ்டோனை மட்டும் சாப்பிட்டவர்களைவிட, அதோடு குய்ஜி ஃபூலிங்கும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் கட்டி கூடுதலாகச் சுருங்கியிருந்தது தெரிந்தது.

'அப்படியானால் சேர்த்தே சாப்பிடலாமே!' என்று தோன்றும். ஆனால், காக்ரேன் அதோடு நிறுத்தவில்லை. அந்த ஆய்வுகள் பலவும் சரியான முறையில் பதிவு செய்யப்படாதவை, தரம் போதாது, இவற்றை நம்பி இந்த மருந்து வேலை செய்கிறது என்றோ செய்யவில்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தது. நம்பிக்கைக் கீற்று இருக்கிறது, நிரூபணம் இல்லை. அதுதான் இன்றைய நிலவரம்.

அதே அலசலில் இன்னொரு மூலிகையும் வந்தது. 'இடிதேவன் கொடி' என்று சீனர்கள் சொல்லும் கொடி. கட்டியைச் சுருக்குவதில் இது மிஃபெப்ரிஸ்டோனையே முந்தியது. ஆனால், இந்தக் கொடி சினைப்பையின் வேலையை முடக்கி, மாதவிடாயையே நிறுத்திவிடக்கூடியது. ஹார்மோன் குறைந்தால் கட்டி சுருங்கத்தானே செய்யும்? குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூலிகைக்கும் வீரியம் உண்டு. வீரியம் இருந்தால் பக்கவிளைவும் இருக்கும்.

பெயர் மாறியதால் போன சிறுநீரகம்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், இளம்பெண்கள் பலர் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். விசாரித்தால், எல்லோருமே ஒரே எடைக்குறைப்பு கிளினிக்கில் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்டவர்கள். சீன மொழியில் ஒரேபோல ஒலிக்கும் பெயர் கொண்ட இரண்டு மூலிகைகளில், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. மாறி வந்தது அரிஸ்டலோகியா என்ற இனத்துச் செடி. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

பெல்ஜியம் கதை நமக்கு எதற்கு? அதே இனத்துச் செடி நம் ஊர்க் கரிசல் காட்டிலும் வளர்கிறது. பெயர் ஆடுதின்னாப்பாளை. ஈஸ்வரமூலி என்கிற கருடக்கொடியும் அதே இனம்தான். மாதவிடாய்க் கோளாறுக்கும் வயிற்றுப்பூச்சிக்கும் கைவைத்தியமாகச் சொல்லப்படும் மூலிகை ஆடுதின்னாப்பாளை. இந்த இனத்தில் இருக்கும் அரிஸ்டலோகிக் அமிலத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று இந்தச் செடிகளைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம்.

பெயர்க் குழப்பம் நம்மிடமும் உண்டு. பெரும்பாடு என்று சித்த மருத்துவம் சொல்லும் அதிக ரத்தப்போக்குக்கு, காலங்காலமாகப் பயன்பட்டுவரும் சரக்கு அசோகப்பட்டை. ஆனால், பள்ளிக்கூட வாசலிலும் காம்பவுண்டு ஓரத்திலும் ஒல்லியாக, உயரமாக நிற்கும் மரத்தைத்தான் நம்மில் பலர் அசோக மரம் என்கிறோம். அது நெட்டிலிங்கம். நிஜ அசோகு ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் வேறு மரம். நிஜ அசோகு அருகிவருவதால், சந்தையில் நெட்டிலிங்கப் பட்டையை அசோகப்பட்டை என்று கலப்படம் செய்வது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பொட்டலத்தில் இருப்பது என்னவென்று, வாங்குபவருக்கு மட்டுமல்ல, சில நேரம் விற்பவருக்குமே தெரியாது.

சேர்த்துச் சாப்பிடும்போது என்ன நடக்கும்?

• இரும்புச்சத்து மாத்திரையும் துவர்ப்பும்: கடுக்காய், திரிபலா, மாதுளை ஓடு, அசோகப்பட்டை போன்ற துவர்ப்புச் சரக்குகள், இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். டீ, காபியும் அப்படியே. மாத்திரைக்கும் இவற்றுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். 'மாசக்கணக்கா மாத்திரை போட்டும் ரத்தம் ஏறலை' என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

• இரும்பு மேல் இரும்பு: சித்த மருத்துவத்தின் அன்னபேதிச் செந்தூரம், அயச் செந்தூரம் ஆகியவையும் இரும்பு மருந்துகளே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த மாத்திரையோடு இவையும் சேர்ந்தால் வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் கூடலாம்.

• ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள்: இதயப் பிரச்னைக்காக ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள், மஞ்சள், பூண்டு, இஞ்சி ஆகியவற்றின் செறிவூட்டிய மாத்திரைகளைத் தாமாகச் சாப்பிடக் கூடாது. ரத்தப்போக்கு கூடும் அபாயம் உண்டு. குழம்பில் போடும் அளவுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

• அதிமதுரம்: தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பி.பி மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

• மெழுகு, செந்தூரம், பற்பம்: இவற்றில் சிலவற்றில் பாதரசம், கந்தகம் போன்றவை சேரும். முறைப்படி தயாரித்தவையா, எத்தனை நாள் சாப்பிடலாம் என்பதைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

• அறுவை சிகிச்சை: தேதி குறித்துவிட்டால், எல்லா மூலிகை மருந்துகளையும் பற்றி மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பொதுவாக இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

'கரைந்தது' எப்படி?

'கட்டி கரைஞ்சிடும்' என்ற வார்த்தையே தப்பான படத்தை மனதில் வரைகிறது. ஃபைப்ராய்டு உப்பும் அல்ல, கற்கண்டும் அல்ல, அது தசை. சுருங்கலாம், கரையாது. சிலருக்குத் தானாகவே சுருங்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் இருப்பவர்களுக்கு எந்த மருந்தும் இல்லாமலே சுருங்கும். அந்த நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடும். வேறு வேறு சென்டரில், வேறு வேறு நாளில் எடுத்த ஸ்கேனில் சில மில்லிமீட்டர் கூடக் குறையத் தெரிவதும் சகஜம்தான்.

அதனால், சித்த மருத்துவத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் அல்ல. சீனாவின் பழைய மருத்துவ நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய் மலேரியாவுக்கு மருந்து கண்டுபிடித்த து யூயூ, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். குறிப்பை நம்பியதோடு நிற்காமல், அதைச் சோதித்து நிரூபித்ததால் கிடைத்த பரிசு அது. நம் கழற்சிக்காயும் அசோகப்பட்டையும் அப்படிப்பட்ட பெரிய, முறையான ஆய்வுகளுக்காகக் காத்திருக்கின்றன.

இன்னொரு விஷயம். 'கர்ப்பப்பைக் கட்டியை 48 நாளில் கரைப்போம்' என்று வரும் விளம்பரங்கள் சட்டப்படியே தவறு. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், கருப்பை நோய்கள், மாதவிடாய்க் கோளாறுகள், கட்டிகள் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. யூடியூபில் வந்தாலும், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்தாலும் அதே சட்டம்தான்.

நம்மிடம் இருக்கும் வசதி

சீனாவில் 1950-களிலிருந்தே சீன மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் இணைப்பது அரசுக் கொள்கை. அங்கே நாம் கடன் வாங்க வேண்டியது மூலிகையை அல்ல. ஒரே மருத்துவமனையில், இரண்டு மருந்தும் ஒரே நோட்டில் பதிவாகும் அந்தப் பழக்கத்தை.

அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அதே வளாகத்துக்குள் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றோமே, அதே பிரிவுதான். பெரிய அளவில் ஆலோசனை வேண்டுமென்றால் சென்னை அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. பெயர் தெரியாத பொட்டலத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, அங்கே போவது நல்லது.

போகும்போது செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

1. இரண்டு பைகளையும் ஒரே பையாக்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரை அட்டை, சூரண டப்பா எல்லாவற்றையும் எந்த டாக்டரிடம் போனாலும் எடுத்துச் செல்லுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், என்னென்ன சரக்கு என்ற பட்டியல், காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத மருந்து வேண்டாம்.

3. ஆரம்பிக்கும் முன்பே கெடு வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின், நாப்கின் எண்ணிக்கை, அதே சென்டரில் ஸ்கேன் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் அடுத்த வழியை யோசியுங்கள்.

4. நீண்ட நாள் மூலிகை மருந்து சாப்பிடுபவர்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

5. குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மருந்தே மாறும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய பெரிய ரத்தக்கட்டிகள் வருவது, மயக்கம், மூச்சு வாங்குவது, தாங்க முடியாத வயிற்றுவலி, காய்ச்சலோடு வலி, வேகமாக வளரும் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் கஷாயமும் வேண்டாம், 'நாளைக்கு' என்ற பேச்சும் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். 40 வயதைக் கடந்தபின் ரத்தப்போக்கு மாறினால், அது ஃபைப்ராய்டுதானா, கருப்பையின் உள்சவ்வில் வேறு பிரச்னையா என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வைத்தியத்தைத் தொடங்கினாலும், நாட்கள்தான் வீணாகும். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சீயமங்கலம் போன்ற ஊரிலிருந்து ஸ்கேனுக்குப் போக ஒரு பெண்ணுக்குத் தேவைப்படுவது ஒரு நாள் விடுப்பும் கூடவே வர ஒரு துணையும்தான். 'எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே' என்று சொல்லாமல், பைக்கை எடுங்கள்.

மூலிகையா, மாத்திரையா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம். இரண்டையும் சாப்பிடுவது தெரிந்தால் டாக்டர் திட்டுவார் என்று பயமா? திட்டினால் திட்டட்டும். மறைத்த மருந்தால் வரும் பாதிப்பைவிட, அந்தத் திட்டு எவ்வளவோ தேவலாம்!